கை வைக்காத பாத்தி

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் பிறந்தது. "மாமா, விளையாடிப் பாத்துட்டு உண்மையைச் சொல்லணும். சும்மா நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போகக் கூடாது."

அனுப்பியவள் சந்தனச்செல்வி. முத்தையாபுரத்தில் என் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் அக்காவின் மகள். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி வேலையை விட்டுவிட்டு இந்தப் போன் விளையாட்டைச் செய்திருக்கிறாள். இன்று சாயங்காலம் ஒரு கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பிடித்தால் அங்கே வேலை. இல்லையென்றால் பழைய ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

விளையாட்டு இவ்வளவுதான்: கறுப்புத் திரை, நடுவில் வெள்ளைக் கட்டம். தொட்டால் ஒரு கல் உப்பு. நிறையச் சேர்ந்தால் அதைக் கொடுத்து வேலைக்கு ஆள் எடுக்கலாம். அப்புறம் நாம் சும்மா இருந்தாலும் உப்பு ஏறிக்கொண்டே இருக்கும்.

2

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வெயிலில் வெடித்த பாதங்களின் கண்ணீர் இந்தச் சின்னத் திரையில்—'

நிறுத்திவிட்டேன். நானும் உப்பு மூட்டை சுமந்தவன். வெடித்த காலுக்குக் கண்ணீர் வராது, எரியும். அவ்வளவுதான்.

அடுத்தது: 'உழைப்பை விளையாட்டாக்கிவிட்ட ஒரு தலைமுறை—'

இதுவும் பொய். எனக்கு அது பிடித்திருந்தது. டீ ஆறி ஆடை கட்டும்வரை தொட்டுக்கொண்டிருந்தேன். ஏன் பிடித்தது என்பதுதான் விளங்கவில்லை.

3

மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உப்பள வேலையிலிருந்து வந்த அக்கா அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தாள். செல்வி போனை அவள் முன்னால் வைத்தாள்.

"உப்பு எடும்மா, பாப்போம்."

அக்கா கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா சும்மா இருக்கே?"

"வெளையட்டும்ளா."

(உப்பு உறையத் தொடங்கிய பாத்தியில் காலோ கையோ வைத்தால் அடிச்சேறு கலங்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அதற்காகவே முதுகில் அடி விழும். எனக்கும் விழுந்திருக்கிறது.)

திரை தானாக அணைந்தது.

"மேகம் போட்டுட்டு. போச்சு உப்பு!" என்றாள் அக்கா.

"ஏம்மா, அது போன் தூங்குது! தொட்டாத்தான் உப்பு வரும்."

"தொட்டா எப்படிளா வரும்? கலங்கும்லா!"

4

இங்கே எனக்கு ஆறுமுகத்தாய் மேல் சந்தேகம். கதைக்கு இவ்வளவு வாகாக ஒருத்தி நடப்பாளா? அவளிடமே கேட்டேன்.

"அக்கா, தினம் போன்ல சீரியல் பாக்கியளே. தொடணும்னு தெரியாதா?"

"தெரியும் தம்பி. உப்புன்னுட்டாளே, அதான் கை போகல."

பிறகு தொட்டாள். தொட்டபின் கை நிற்கவில்லை. சீக்கிரமே ஓர் ஆள் எடுத்தாள்.

"இவனுக்குச் சோறு யாருளா போடுவா?"

"அவன் திங்க மாட்டாம்மா."

"அப்ப நாலு பேரைக் கூப்பிடு!"

(வாசகர் இங்கே ஒரு பெருமூச்சை எதிர்பார்த்திருக்கலாம். அவள் விடவில்லை. நானும் அவள் வாயில் வைக்கப் போவதில்லை.)

5

"சொல்லுங்க மாமா. மாத்தணுமா, அப்படியே அனுப்பவா?"

"மாத்து. தொடாம இருந்தாத்தான் உறையணும். தொட்டாக் கலங்கணும்."

"அப்ப எவன் விளையாடுவான்? எடுத்த வேகத்துல போன்லருந்தே அழிச்சிருவான். என் வேலையும் போச்சு."

அவள் சொல்வதும் சரி. அம்மா பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. கலங்கணுமா, வேண்டாமா?"

அக்கா தலை நிமிரவில்லை. "கொஞ்சம் இருளா, அடுத்த ஆளு வாரான்."

6

முடிவு ஒன்று: அப்படியே அனுப்புகிறாள். வேலை கிடைக்கிறது. 'பாத்தி கலங்கும்லா' என்ற குரல் மட்டும் அவளை—

வேண்டாம்.

முடிவு இரண்டு: மாற்றி அனுப்புகிறாள். அங்கே ஒருவர் திறந்து, தொட்டு, கலக்கி, மூடிவிட்டு, மறுநாள் திரும்பவும்—

எனக்கு ஆசைதான். நடக்கும் என்று எழுத மனம் ஒப்பவில்லை.

இதை எழுதும்போது சாயங்காலம் ஆகவில்லை. தொட்டால் உப்பு வருவது, தொட்டால் கலங்குவது என்று செல்வி இரண்டையும் செய்து வைத்திருக்கிறாள். "புதுசா ஒருத்தர் கையில குடுங்க மாமா. வாய்ல என்ன சொல்லுதாங்கன்னு கேக்க வேண்டாம். விரல் என்ன செய்யுதுன்னு மட்டும் பாருங்க. அதை வச்சு அனுப்புதேன்."

எனக்குத் தெரிந்த புது ஆள் நீங்கள்தான். இதோ பாத்தி:

[      ]

உப்பு என்று சொல்லியாகிவிட்டது. கை போகிறதா?