ஆயில் ஊற்றியவன்

கிழக்கு வெளுக்கும் முன்பே லாரிக்கு அடியில் படுத்துவிட்டேன். தரையின் ஈரம் சட்டையைத் தாண்டி முதுகில் ஏறியது. கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கத் துருவும் செங்கல் தூளும் கண்ணில் உதிர்ந்தன. சுமையைத் தாங்கும் பின்பக்க ஸ்பிரிங்கில் பத்து இரும்புப் பட்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. இடையில் கிரீஸ் காய்ந்து வருடங்கள் ஆகியிருக்கும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், அது கிறீச்சிடுவது செங்கல் சூளையின் கடைசி வரிசைவரை கேட்கும்.

அந்தச் சத்தத்தை நிறுத்தத்தான் என்னை எழுப்பியிருந்தார்கள்.

ஒழுங்கான வழி ஒன்றுதான். வண்டியை ஜாக்கியில் தூக்கி, பட்டைகளைக் கட்டிப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளைக் கழற்றி, பட்டைகளைப் பிரித்து, துருவைச் சுரண்டி, இடையில் கிரீஸ் தடவி மறுபடி அடுக்க வேண்டும். இரண்டு ஆளுக்கு ஒரு நாள் வேலை. இன்னொரு வழி, பழைய எஞ்சின் ஆயிலை ஒரு டப்பாவில் எடுத்து மேலே ஊற்றிவிடுவது. பத்து நிமிஷம். ஒரு வாரத்துக்குச் சத்தம் வராது. பட்டை எப்படி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

மூன்று மாதம் முன்பு, இன்னொரு லாரிக்கு, நான் ஆயில் ஊற்றினேன். நான்காம் நாள் மேட்டில் திரும்பும்போது அது சாய்ந்தது. சுமைமேல் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் செங்கல்லுக்கு அடியில் போனார்கள். ஒருத்தி என் மனைவி. கல்யாணமாகிப் பதினோரு மாதம்.

பிரஷ் ஓரிடத்தில் தடுக்கியது. டார்ச்சைப் பிடித்தேன். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மெயின் பட்டையில், குறுக்காக, தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு. விரிசலுக்குள்ளிருந்து கசிந்த துரு. சுத்தியலால் தட்டினேன். சொத்தென்றது. நகர்ந்துபோய் இடப்பக்கத்துப் பட்டையைத் தட்டினேன். கணீரென்றது.

முதலாளியின் செருப்பு சக்கரத்தருகில் வந்து நின்றது.

"இன்னுமா முடியல?"

"மெயின் பட்டை விரிசல் விட்டிருக்கு. பிரிச்சு மாத்தணும். இன்னிக்குப் பூரா ஆகும்."

"வெளையாடுறியா? ஏழு மணிக்கு லோடு கெளம்பணும். லோடு எறக்கப் போற பொம்பளைங்க சத்தத்தக் கேட்டாலே ஏற மாட்டேங்குறாங்க. சத்தம் போனா பயம் போயிடும். ஆயில ஊத்து."

"பட்டை ஒடஞ்சா வண்டி கவுந்துடும்."

அவர் குனிந்தார். முகம் தலைகீழாகத் தெரிந்தது. "போன தடவ ஊத்தினப்ப இந்த ஞானம் எங்க போயிருந்துச்சு? டிரைவர் வேகமாப் போனான்னு எழுதினது யாரு? ஸ்டேஷன்ல உன் கையெழுத்தப் பாத்து அசந்துட்டாங்க."

உண்மைதான். அடக்கம் செய்த மறுநாள் அவர் சொல்லச் சொல்லப் புகாரை நான் எழுதினேன். சூளையில் நான் ஒருவன்தான் கல்லூரி படித்தவன். பெண்கள் கீழே கைநாட்டு வைத்தார்கள். டிரைவர் இன்னும் ஜெயிலில் இருந்தார்.

"உண்மை வெளிய வந்தா உள்ள போறது நீதாம்ப்பா. உன் மேல இருக்கிற அக்கறையில சொல்றேன்." செருப்பு திரும்பி நடந்தது.

வெளியே வந்து ஆயில் டப்பாவைக் கையில் எடுத்தேன். அப்படியே நின்றேன்.

பெண்கள் வரும் சத்தம் கேட்டது. முன்னால் எப்போதும்போல ரேடியோ. வாய் ஓயாததால் அவளுக்கு அந்தப் பெயர். "என்ன சார், லாரிக்குத் தொண்ட சரியாச்சா? எம் மாமியாருக்கும் ரெண்டு சொட்டு ஊத்திவிடு, ராத்திரியெல்லாம் முனகுறா."

அவளுக்குப் பின்னால் ஜெயிலில் இருக்கும் டிரைவரின் மனைவி. தினமும் எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவருவாள். முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் என் வாசலில் உட்கார்ந்து அழுதாள். "எம் புருஷன் உன் குடும்பத்தக் கெடுத்துட்டான். எங்களச் சபிச்சுடாத தம்பி."

நான் சரி என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இப்போது தூக்கைக் கல்மேல் வைத்தாள். டப்பாவைப் பார்த்தாள். "சத்தம் நின்னுடும்ல? நீ சொன்னா ஏறுறோம் தம்பி."

"படிச்ச பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் பின்னால் ஒருத்தி.

டப்பாவைக் கீழே வைத்தேன்.

"ஏறாதீங்க. பட்டை விட்டிருக்கு." "அக்கா, உங்க வீட்டுக்காரர் வேகமாப் போகல. அந்த வண்டிக்கும் நான்தான் ஆயில் ஊத்தினேன். பிரிச்சுப் பாக்கல. பட்டை ஒடஞ்சுதான் கவுந்துச்சு."



மூன்று மாதத்தில் முதல்முறையாக டிரைவர் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "எப்பத் தெரியும்?"

"கவுந்த அன்னிக்கே. ஒடஞ்சத நான்தான் பாத்தேன்."

"அப்புறமும் எழுதின."

"எழுதினேன்."

அறைந்தாள். செங்கல் தூக்கித் தூக்கிக் காய்த்த கை. இரண்டாவது அடிக்கு ரேடியோ குறுக்கே வந்தாள். நான் நகரவில்லை. வலித்தது. எதுவோ ஒன்று வலிக்கிறதே என்றிருந்தது.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உன்ன என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. அது அப்புறம். மொதல்ல அந்த இரும்ப வெளிய எடு. அந்த வண்டியோட பட்டையப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. இதையும் போட விடக் கூடாது." தம்பி என்று சொல்லவில்லை.

முதலாளி ஓடி வந்தார். "என்ன கூட்டம்? ஏறுங்க!"

"ஆயில் ஊத்தினாப் போதும்னா ஊத்திட்டு நீங்க மேல ஏறி உக்காருங்க முதலாளி," என்றாள் ரேடியோ. "நாங்க கீழ நின்னு கை காட்டுறோம்."

யாரோ சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. "ஒருத்திக்கும் வேல கெடையாது. ரூமக் காலி பண்ணுங்க, இன்னிக்கே."

"ரூமா அது?" என்றாள் டிரைவர் மனைவி. "கதவுக்குப் பதிலாக் கோணி தொங்குது. மடிச்சு எடுத்துட்டுப் போக எவ்வளவு நேரமாகும்?"

அவர் புது டிரைவரைத் தேடினார். அவன் ஷெட்டிலிருந்து ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். "நானும் இந்த வண்டியத்தானே ஓட்டணும்," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு முட்டுக்கொடுக்கக் குனிந்தான்.

யூ போல்ட் துருவேறி இறுகியிருந்தது. ஸ்பேனரில் நீளக் குழாய் ஒன்றைச் செருகினோம். நான்கு பெண்கள் குழாயின்மேல் சாய்ந்து அழுத்தினார்கள். நட்டு அசையவில்லை. டீசல் ஊற்றிக் காத்திருந்து மறுபடி அழுத்தினார்கள். துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். இளகியது. வெயில் ஏறும்வரை இப்படியே ஒவ்வொன்றாக. செங்கல் அறுப்பவர்கள் சேற்றுக் கையோடு வந்து சுற்றி நின்றார்கள். என்னவென்று ரேடியோ திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பட்டை வெளியே வந்தது. கோடு பாதி கனம்வரை இறங்கியிருந்தது. எல்லோரும் விரல் வைத்துப் பார்த்தார்கள்.

முதலாளி போனில் ஆள் வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். "போலீஸக் கூப்பிடுறேன், இருங்க!"

"அவங்கள எதுக்கு அலைய விடணும்?" என்றாள் டிரைவர் மனைவி. "நாங்களே அங்கதான் போறோம்."

துணியைச் சுருட்டித் தோளில் வைத்து, பட்டையின் ஒரு முனையைத் தூக்கினாள். மறுமுனையை நான் எடுத்தேன். ஸ்டேஷன் நாலு மைல். எழுதியதைத் திரும்ப வாங்க முடியாது. உண்மையைச் சொல்ல முடியும். சொன்ன பிறகு நான் வெளியே வருவேனா, டிரைவர் வருவாரா, ரூம்கள் சாயங்காலம் இருக்குமா, எதுவும் தெரியாது. சூளை வாசலைத் தாண்டும்போது கல் அறுப்பவர்கள் தொட்டியில் கை கழுவிக்கொண்டு பின்னால் சேர்ந்தார்கள். புது டிரைவரும் வந்தான்.

பத்தடி போவதற்குள் இரும்பு தோளில் துள்ளித் துள்ளி இடித்தது.

"கால ஒண்ணா எடுத்து வை," என்றாள் அவள், திரும்பாமல். "நீ ஒரு காலு நான் ஒரு காலுன்னு வச்சா ரெண்டு பேரு தோளும் போயிடும்."

நான் காலை மாற்றி வைத்தேன்.