ஏழடி நடைவழி

எஞ்சின் வேகமாக ஓடினால் அந்த நடைவழி ஏழடி. மெதுவாக ஓடினால் அதன் முடிவை யாரும் பார்த்ததில்லை. கார் எஞ்சின்களைச் சோதிக்கும் அறைக்கும் வெளிவாசலுக்கும் நடுவே இருக்கும் வழி அது. வெள்ளையடித்த சுவர், தலைக்கு மேல் குழல்விளக்கு, அவ்வளவுதான். அதை இப்படி ஆக்கியவர் அதில் மாட்டிக்கொண்ட மெக்கானிக்கேதான், வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது.

எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய் நீளமாக இருந்தால் மெதுவாக ஓடும்போது இழுவை நன்றாக இருக்கும். நீண்டு வரும் காற்று தன் வேகத்திலேயே தள்ளிக்கொண்டு உள்ளே அடையும். வேகம் கூடினால் அதே குழாய் மூச்சை அடைக்கும், அப்போது குட்டைக் குழாய்தான் வேண்டும். பாரத்தோடு மேடும் ஏற வேண்டும், சமதரையில் பறக்கவும் வேண்டும் என்று மேனேஜர் ஒற்றைக் காலில் நின்றார். மெக்கானிக் குழாய்ப் பெட்டிக்குள் ஒரு தட்டு வைத்தார். நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்குக் கீழே தட்டு மூடிக்கொண்டு காற்றைச் சுற்றுவழியில் அனுப்பும், அதற்கு மேலே திறந்து குறுக்குவழியில் விடும். முதல் நாளே பிரமாதமாக வேலை செய்தது. ஆக்சிலரேட்டர் கைப்பிடியை விட்டுவிட்டுச் சாப்பிடக் கிளம்பியவர், ஒரு நாள் முழுக்க நடந்தும் வாசலைக் காணாமல், நாக்கு வறண்டு திரும்பி வந்தார்.

கைப்பிடிக்குச் செங்கல்லை முட்டுக்கொடுத்தார். அவர் எழுந்ததுமே எஞ்சின் தணிந்துவிட்டது. அணைத்தே பார்த்தார், கதவுக்கு வெளியே வழியே இல்லை, வெறும் சுவர். பதறிப்போய் மறுபடி ஸ்டார்ட் செய்தார். அவர் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருக்கும்வரை யார் வேண்டுமானாலும் ஏழடியில் வந்து போகலாம், அவர் மட்டும் போக முடியாது. வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்கு விடுதலை. ஆனால் மேனேஜருக்கு முதுகுவலி. கூட வேலை செய்தவர்களுக்கு வீட்டில் ஆயிரம் வேலை. வருகைப் பதிவு குமாஸ்தா மட்டும் நியாயமாக நடந்துகொண்டார். "ஆளு உள்ளதான இருக்காரு, தினமும் வருகை போட்டுடறேன்" என்றார்.

மூன்றாம் மாதம் அவருக்கு மகள் பிறந்தாள். மனைவி தினமும் மதியம் சாப்பாட்டோடு குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருவாள். அவர்கள் வெளியே போக முடியாமல் ஆகிவிடுமோ என்ற பயத்தில் மெக்கானிக் கைப்பிடியை விடவே மாட்டார். மகளை ஒற்றைக் கையால்தான் அணைத்துக்கொள்வார். நான் உட்காருகிறேன் என்று மனைவி எத்தனையோ தடவை கேட்டாள். "நீ உள்ள, நான் வெளிய. அது என்ன குடித்தனம்" என்று தட்டிக்கழித்தார். ஒரு தடவையாவது மகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. அதை நினைத்து அழவும் செய்தார்.

குழந்தை தவழ ஆரம்பித்த வாரம் மனைவி பெரிய பையும் தண்ணீர்க் கேனுமாக வந்து இறங்கினாள்.

"கைய எடுங்க."

"எடுத்தா வழி நீண்டுடும்."

"நீளட்டும். நீங்க தனியா, வெறுங்கையோட போனீங்க. இப்ப பாரத்தோட போவோம். மெதுவா ஓடறப்பதான் இழுவை ஜாஸ்தின்னு நீங்கதான சொன்னீங்க?"

"நடுவுல எஞ்சின் நின்னுட்டா?"

"டேங்க் வெளியதான இருக்கு. பெட்ரோல் தீர்ந்து நாங்க உள்ளயே செத்தா, பேயா உங்க வீட்டுக்கு வந்து உட்கார்ந்துக்குவேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

அவள் எப்போது சாவாள், அந்தச் சுவரைத் தாண்டி எப்படி வருவாள் என்றெல்லாம் மேனேஜர் யோசிக்கவில்லை. முதுகுவலியோடு தினமும் காலையில் தானே டேங்க்கை நிரப்பினார். மெக்கானிக் கையை எடுத்தார். மூவரும் நடந்தார்கள். பையிலிருந்த சாப்பாடும் தீரவில்லை, வழியும் தீரவில்லை. இரண்டாம் வருடம் சுவருக்குள்ளிருந்து சின்னக் கால்கள் ஓடும் சத்தம் கேட்டதாகக் குமாஸ்தா சொன்னார். வருகையை அவர் ஒரு நாளும் விடவில்லை.

நாலாம் வருடம் ஒரு காலையில் மகள்தான் முதலில் வாசலுக்கு வந்தாள், காலிக் கேனைத் தட்டிக்கொண்டே. பின்னாலேயே அப்பாவும் அம்மாவும். தெருவை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தாள்.

"இன்னும் நடக்கணுமாப்பா?"

"கொஞ்சம்தான்டா."

குமாஸ்தா பதிவேட்டை நீட்டினார். மெக்கானிக் வெளியே போகும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். எஞ்சின் உள்ளே மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.