சாந்தகுமாரியின் இருக்கை

பொத்தானை அழுத்தியதும் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், அடியிலிருந்து ஒரு கறுப்புப் பலகை உறுமியபடி விரிந்து வந்து சாந்தகுமாரியின் முழங்காலில் இடித்தது. இடித்த பிறகும் மோட்டார் நிற்கவில்லை. பலகையின் முனை சேலையோடு சதையை அழுத்திக்கொண்டே இருந்தது. காரைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பாபி ஜி, ஏக் பார் ஃபிர்!" என்று இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த மேல்மாடிக்காரர்.

அவள் இறங்கி, கதவை அறைந்து சாத்தினாள்.

தலைநகரத்துத் துவாரகா குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஆறு வாரமாக அவள் கணவன் அருள்மணி அந்தப் பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். விமான நிலையத்தில் பெட்டிகள் ஓடும் பெல்ட்டைப் பழுதுபார்ப்பவன். கார்க் கண்ணாடியை ஏற்றியிறக்கும் பழைய மோட்டார் ஒன்றை மாயாபுரியின் பழைய கார் பாகக் கடைகளில் தேடி வாங்கி, இண்டிகேட்டர், விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் இடது கையாலேயே போடும்படி அந்தப் பலகையில் சுவிட்ச் வைத்தான். மழை நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் வழுக்கி விழுந்ததில் அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது; விரல்கள் மட்டும் பழையபடி மடங்கவில்லை. மறுபடி தானே ஓட்டி டியூட்டிக்குப் போக வேண்டும் என்பதுதான் நர்ஸான அவளுடைய ஒரே ஆசை. அவனிடம் அவள் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: "வண்டிய நிறுத்தினா அது உள்ள போயிரணும். எவளும் எட்டிப் பாத்து எனக்க கைக்கு உச்சுக் கொட்டக் கூடாது."

அதற்காகத்தான் மோட்டாரே. அந்த மனுஷன்தான் சனிக்கிழமை சாயங்காலம் குடியிருப்பையே கூட்டிவைத்து, வீடியோவைக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டு, கீழே எழுதியும் இருந்தான்: என் மனைவியின் செயலிழந்த கைக்காக நானே செய்தது. முப்பத்தேழு பேர் கை கூப்பியிருந்தார்கள்.

"செயலிழந்த கையா? இந்தக் கையாலதானே உங்களுக்குச் சோறு போடுகேன்?"

"நல்லதுக்குத்தான் செஞ்சேன், சாந்தா."

"யாருக்க நல்லதுக்கு? என்ன ஒரு நாளாவது அந்த சீட்டுல உக்கார வச்சு அளந்தியளா?"

அவன் விழித்தான். இருக்கையைத் தன் நீளக் காலுக்கு ஏற்பப் பின்னால் தள்ளிவைத்துத்தான் அத்தனை நாளும் அளந்திருந்தான். குள்ளமான அவள் அதை முன்னால் இழுத்துவிட்டுத்தான் ஓட்டுவாள் என்பது பதினாறு வருஷம் கூடவே வாழ்ந்தவனுக்குத் தோன்றவில்லை. அவன் கெட்டவன் இல்லை. அதுதான் அவள் கோபத்தை இன்னும் கிளறியது. கெட்டவன் என்றால் திட்டிவிட்டு ஓய்ந்துவிடலாம்.

மறுநாள் மெட்ரோவில் தனியாகக் கோவிலுக்குப் போனாள். எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொல்கையில், பிறரை மன்னிப்பதாகச் சொல்லும் வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். கர்த்தரிடம் பொய் சொல்ல அவளுக்கு வராது.

திரும்பியதும் ஸ்க்ரூ டிரைவரோடு நேரே காருக்குப் போனாள். இடது கையாலேயே அதைக் கழற்றி எறிந்துவிடும் முடிவு. கதவைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். வெளியே வந்த பலகையின் முனையில் மஞ்சள் பஞ்சு சுற்றி, மேலே துணி வைத்து, பிரியாதபடி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. துவைத்துக் காய்ந்த துணி. சோப்பு வாசனை இன்னும் போகவில்லை.

இரண்டு கார் தள்ளி வாளியோடு நின்ற கலியன் தயங்கித் தயங்கி வந்தான். தினமும் அங்கே கார்களைக் கழுவுகிறவன்; நேற்றைய கூட்டத்திலும் ஓரமாக நின்றிருந்தான்.

"நான்தான் சிஸ்டரக்கா. நேத்து இடிச்சப்போ உங்க மூஞ்சியப் பாத்தேன். சார் சாவி குடுத்தாரு, சரின்னு கட்டிட்டேன். தப்புன்னா அவுத்துடறேன்."

நேற்று அத்தனை பேரும் பலகையையும் அவள் கையையும் பார்த்தார்கள். இவன் ஒருவன் இடிபட்டவளைப் பார்த்திருக்கிறான்.

"இருக்கட்டும், தம்பி."

தூணருகே அருள்மணி நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. பக்கத்தில் வரத் தைரியமில்லை. அவள் அவனைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து, இருக்கையைக் கடைசிவரை முன்னால் இழுத்தாள்.

"முதல்ல அந்த வீடியோவ எடுங்க."

"காலையிலயே எடுத்துட்டேன்."

"மேல்மாடிக்காரன் போன்ல இருக்குமே. அத எப்படி எடுப்பிய?"

அவன் தூணை விட்டு மெல்லக் காரருகே வந்தான். 

"டேப்பு இருக்கா?" என்றாள்.

அவன் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, அளவு நாடாவை அவள் முழங்காலுக்கும் பலகைக்கும் நடுவில் நீட்டினான். நாடா மடங்கி விழ, மறுபடி நீட்டிப் பிடித்தான். சாந்தகுமாரி வலது கையை மடியில் வைத்தபடி, இடது கையால் இண்டிகேட்டரைப் போட்டாள். டிக், டிக் என்று அது அடித்துக்கொண்டிருக்க, எதிர்ச் சுவரில் மஞ்சள் வெளிச்சம் வந்து வந்து போயிற்று.