முந்நூற்று இருபதில் எழும்பியவள்

“மேல போறப்ப வயித்தக் கலக்குமா?” என்று பக்கத்து வீட்டு டீச்சர் ஒருமுறை அவளிடம் கேட்டார். அவள் யோசித்துப் பார்த்து, வயிற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை, காது மட்டும் கொஞ்சம் அடைக்கும் என்றாள். பாறையும் மண்ணும் தோண்டுகிற பெரிய எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறவரின் மனைவி அவள். கணவரின் வண்டியில் ரிலீஃப் வால்வு திறக்கும்போதெல்லாம், மூன்று கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருக்கும் அவள் தரையிலிருந்து ஒரு சாண் எழும்புவாள். வால்வு மூடியதும் இறங்கிவிடுவாள். கல்யாணமான ஏழாம் நாள் காலை பத்தேகாலுக்கு, குழாயடியில் குடத்தோடு நின்றபோது இது தொடங்கியது. முதல் வாரம் தெருவே வந்து பார்த்தது. இரண்டாவது வாரம் பாதிப் பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் தண்ணீர் லாரி வராததுதான் தெருவுக்குப் பெரிய பேச்சாக இருந்தது.

அவளும் பழகிக்கொண்டாள். எழும்புகிற நேரத்தில் மேல் அலமாரி டப்பாக்களைத் துடைப்பாள், நின்றுபோன கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பாள். எப்போதெல்லாம் எழும்பினாள் என்று காலண்டரில் பென்சிலால் குறித்து வைப்பாள். மாலையில் கணவர் வந்ததும் இருவரும் ஒத்துப் பார்ப்பார்கள். பத்தேகாலுக்கு ஒரு கல் நகரவில்லை என்பார் அவர். பன்னிரண்டுக்கு வேர்க்கட்டை, மூன்று மணிக்குப் பழைய அஸ்திவாரம். ஒரு நிமிடம்கூடப் பிசகியதில்லை. காரணம் தெரிந்த பிறகு அவளுக்கு அதில் பயம் போய்விட்டது. காரணத்தை அவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, தம்ளரை உருட்டிக் காட்டிச் சொன்னார்.

“பம்பு எண்ணெயத் தள்ளிக்கிட்டே இருக்கும். அதுக்கு நிறுத்தத் தெரியாது. பாறை அசையலன்னா எண்ணெய் எங்க போகும்? ஹோஸ் வெடிக்கணும், இல்ல சிலிண்டர் கிழியணும். அதுக்குத்தான் அந்த வால்வுக்குள்ள கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங். பிரஷர் முந்நூத்தி இருபது வரைக்கும் வால்வோட கதவ அமுக்கிப் பிடிச்சிருக்கும். அதுக்கு மேல ஏறினா விட்டுக் குடுத்துடும். எண்ணெய் டேங்குக்கே திரும்பிப் போயிடும். கொறஞ்சதும் மறுபடி மூடிக்கும்.”

“அப்ப பாறைகிட்ட தோத்துப் போகுதா?” என்று கேட்டாள்.

“தோக்கல. முழுசா வீட்டுக்கு வருது” என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறை கால் தரையை விட்டு எழும்பும்போதும், கண்ணால் பார்த்திராத அந்த ஸ்பிரிங்குக்கு மனத்துக்குள் ஒரு நன்றி சொல்வது அவளுக்கு வழக்கமாயிற்று. ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து நன்றி. பாறை அதிகமுள்ள இடமென்றால் நாற்பது. இப்படியே ஒன்பது வருடம் போனது. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். அம்மா இடுப்பில் இருந்தபடி எழும்பி இறங்கியே வளர்ந்ததால், மற்ற வீட்டு அம்மாக்கள் எழும்பாதது ஏன் என்றுதான் அவர்கள் கேட்டார்கள்.

பத்தாவது வருடம், ஒரு பெரிய கட்டடத்துக்கு மூன்று மாடி ஆழத்துக்குக் குழி தோண்டும் வேலை வந்தது. அங்கே வைத்துத்தான் வண்டிக்கு வலு குறைந்தது. சாதாரண மண்ணுக்கே முக்கியது. எண்ணெய் கொதித்தது. அதே வாரம் வீட்டில் அவள் நாள் முழுக்கத் தரைக்கு நாலு விரல் மேலேயே நின்றாள். துணி துவைத்தால் கைக்கு அழுத்தம் கிடைக்கவில்லை. ஃபேன் போட்டால் மெல்ல நகர்ந்து போய்ச் சுவரோரம் ஒதுங்கினாள். மாலையில் வண்டி நின்ற பிறகுதான் பாதம் தரையில் பட்டது. அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வண்டியைப் பார்த்துக்கொள்கிற ஃபிட்டர் வேறு யாருமல்ல, அவளுடைய கொழுந்தன்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தபோது சொன்னாள்.

“தம்பி, வால்வு சரியா மூடல போலிருக்கு. நான் கீழயே வர்றதில்ல.”

“இப்படியே இருங்க அண்ணி. செருப்பு தேயாது, லாபம்தானே” என்றார் கொழுந்தன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கெட்டிக்கார ஃபிட்டர் அவர். என்ஜின் சத்தத்தைக் கேட்டே பிரஷர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரை அவரே நிறையப் பேருக்குச் சொல்லியும் இருந்தார்.

அவள் சொன்னது சரி. இரும்புத்தூள் ஒன்று, கடுகில் பாதி இருக்கும், வால்வின் கதவுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே சிக்கியிருந்தது. கதவு முழுதாக மூடாமல் எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. வால்வைக் கழற்றிக் கழுவி மாட்ட அரைநாள் ஆகும். திங்கட்கிழமை குழியின் மேலே பதினான்கு லாரிகள் வரிசையில் நின்றன. வண்டியின் முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் லாரி நிற்பதைப் பார்த்தால் அவருக்கு மூச்சு முட்டும். வால்வுத் திருகை ஒரு சுற்று கூட்டி விட்டால் போதாதா என்று கேட்டார். பிரஷர் மீட்டர் அன்றைக்கு வேறொரு சைட்டில் இருந்தது. கொழுந்தன் திருகை நகராமல் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங்கை அமுக்குகிற திருகை ஒன்றரைச் சுற்று முறுக்கி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, சரியாகிவிட்டது என்றார். வண்டிக்கு வலு வந்துவிட்டது. ஓட்டுகிறவரும் தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்று மாலை அவளும் பழையபடி ஒரு சாண் எழும்பி ஒழுங்காக இறங்கினாள். எல்லோருக்கும் திருப்தி.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த இரும்புத்தூள் தானாகவே எண்ணெயோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. கதவு இப்போது முழுதாக மூடியது. அதன் மேல் ஒன்றரைச் சுற்று அதிகமாக முறுக்கிய ஸ்பிரிங். இனி அது எந்தக் கணக்கில் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வண்டியின் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை.

வீட்டில் மாற்றம் இருந்தது. பத்தாகியும் அவள் ஒருமுறைகூட எழும்பவில்லை. பத்தரைக்குக் கால் கனத்தது. பதினொன்றுக்குச் சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூன்று டைல்ஸ் விரிசல் விட்டன. கணவருக்கு போன் போட்டாள். என்ஜின் ஓடும்போது அவர் போனை எடுப்பதில்லை. சின்னவளை டீச்சர் வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள். மேட்டில் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் பஸ்ஸுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக அவளிடம் வந்தார்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எறங்கினாத்தான் வண்டி ஏறும்.”

அவள் தப்பாக நினைக்கவில்லை. மிச்ச தூரத்தை நடந்தாள். தார் ரோட்டில் அவள் பாதம் ஓர் அங்குலம் பதிந்தது. அந்தத் தடங்களைப் பிற்பாடு ரோடு போடுகிறவர்கள் இரண்டு முறை நிரப்பிவிட்டு, மூன்றாவது முறை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்ததால், இருபது நிமிட தூரத்துக்கு அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அவள் ஒன்றையே நினைத்தாள். அவருடைய வண்டியில் பெரிய ஹோஸ் முன்கண்ணாடிக்கு நேர் எதிரே, முகத்துக்கு இரண்டு முழம் தள்ளி ஓடுகிறது. காற்றுக்காக அந்தக் கண்ணாடியை அவர் எப்போதும் திறந்தே வைத்திருப்பார்.

குழியின் அடியில் அவர் ஒரு பாறைக்குக் கீழே பக்கெட்டைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார். சரிவுப் பாதையில் அவள் இறங்கி வருவதைக் கண்டதும் லீவரிலிருந்து கையை எடுத்தார். பாறை பக்கெட்டின் மேலேயே அழுத்திக்கொண்டு நின்றது. அவள் ஏணிப்படியின் கீழே வந்து நின்றாள். பாதம் கணுக்கால்வரை மண்ணுக்குள் போனது.

“எறங்குங்க.”

“என்ன ஆச்சு? புள்ளைங்களுக்கு ஏதாவதா?”

“நான் இன்னைக்கு ஒரு தடவகூட எழும்பல. எறங்குங்க.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பத்து வருடமாக அவள் குறித்த நேரத்தில் ஒரு நிமிடம் தவறியதில்லை. சீட் பெல்ட்டைக் கழற்றி இறங்கி, அவளை மண்ணிலிருந்து தூக்கி எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. மேலிருந்து முதலாளி ஏதோ கத்தினார். அவள் ஒரு காலைப் பிடுங்க, அவர் மறு காலைப் பிடுங்க, இருவரும் பத்தடி தள்ளிப் போயிருப்பார்கள். பாறையின் கனத்தைத் தாங்கி ஏற்கெனவே உப்பியிருந்த ஹோஸ் வெடித்தது. கொதிக்கும் எண்ணெய் திறந்திருந்த கண்ணாடி வழியாக உள்ளே போய், சீட்டின் சாய்மானத்தைத் தோள் உயரத்தில் கத்தி வைத்ததுபோல் குறுக்கே அறுத்தது. பாறை கீழே சரிந்து உட்கார்ந்தது. முதலாளி இறங்கி வந்து, என்ஜினை அணைத்துவிட்டு, அறுந்த சீட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு லாரிகளை எல்லாம் திருப்பி அனுப்பினார். அவர் வாழ்நாளில் லாரிகளை அப்படி அனுப்பியது அந்த ஒரு முறைதான்.

அன்று மதியம் கொழுந்தன் வால்வைக் கழற்றினார். கதவு உட்காரும் இடத்தில் இரும்புத்தூள் பதிந்த தழும்பு இருந்தது. உள்பாகத்தைப் புதிதாக மாற்றி, புது ஹோஸ் மாட்டி, எண்ணெயைச் சூடாக்கி, மீட்டரை வரவழைத்து இணைத்தார். மீட்டரைப் பார்த்துக்கொள்ள முதலாளியை நிறுத்திவிட்டு, ஓட்டுகிறவரை லீவரைப் பிடிக்கச் சொன்னார். திருகை முழுதாகத் தளர்த்தி, காலே கால் சுற்றாகக் கூட்டினார். அவள் ஒரு மண்மேட்டின் மேல் உட்காராமல் நின்றாள். முந்நூறு என்றார் முதலாளி. முந்நூற்றுப் பத்து. கொழுந்தனின் கண் அண்ணியின் பாதத்தை விட்டு அகலவில்லை. மண் உதிர்ந்து, இரண்டு பாதமும் மேட்டை விட்டு எழுந்தபோது முதலாளி முந்நூற்று இருபது என்றார். கொழுந்தன் லாக் நட்டை இறுக்கினார். இறுக்கும்போது அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி வந்து ஸ்பானரைச் சேர்த்துப் பிடித்தார்.

கொழுந்தனை இரவு சாப்பிட வரச் சொன்னார்கள். அவர் வரவில்லை. அவர்மேல் கோபமா என்று பெரியவள் கேட்டாள். முறுக்கியதும் அவர்தான், திருத்தியதும் அவர்தான், உங்கப்பா இதோ உட்கார்ந்து சாப்பிடுகிறார், எனக்கு இன்றைக்கு நன்றி சொல்லத்தான் நேரம் இருக்கிறது என்றாள் அவள். விரிசல் விட்ட டைல்ஸை மாற்ற வேண்டாம் என்றும் சொன்னாள்.

மறுநாள் காலை கணவர் வேலைக்குப் போன பிறகு, கொழுந்தன் டூல் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வாங்க தம்பி என்றாள். வரவில்லை, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளும் வற்புறுத்தாமல் அடுப்பைப் பார்த்தாள். எட்டு மணி நாற்பதுக்கு அவள் கையில் கரண்டியோடு ஒரு சாண் எழும்பினாள், சட்டியை ஒரு கிளறு கிளறினாள், மெதுவாக இறங்கினாள். முதலில் விரல்கள், பிறகு குதிகால். இரண்டு குதிகாலும் தரையில் பட்டதை அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.