காற்றுக் கோட்டைக்கு என்ன வரி?

1.

இந்தக் கதை முதலில் ஒரு மனுவாக இருந்தது. வரி அலுவலகத்துக்கு எழுதிய மனு. எழுதியவன் நான், எழுதச் சொன்னவர் கீழ்வீட்டு அக்கா. குழந்தைகள் ஏறிக் குதிக்கும் காற்றுக் கோட்டை ஒன்றைப் பிறந்தநாள் வீடுகளுக்கு வாடகைக்கு விடுபவர் அவர். கோட்டைக்காரி என்றால்தான் தெருவில் யாருக்கும் தெரியும்.

கோட்டையை அவருடைய தங்கை கணவருக்கு விற்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. மாப்பிள்ளை லிஃப்ட் கம்பெனி வேலையையும் விட்டுவிட்டார். ஆனால் கோட்டைக்காரி கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

“பொருளா வித்தா ஒரு வரியாம், கட்டடமா வித்தா வேற வரியாம். வித்தப்புறம் வந்து கழுத்தப் பிடிச்சா யாரு பதில் சொல்றது? விக்கறதுக்கு முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிட்டா அவங்களால மாத்திப் பேச முடியாது. நீங்கதான் எழுதறவராச்சே, ஒரு மனு எழுதிக் குடுங்க.”

எழுதினேன். கை சும்மா இருக்குமா? “வானளாவும் நான்கு கோபுரங்களோடு, மண்ணில் வேரூன்றி நிற்கும் இக்கோட்டை…”

[‘வேரூன்றி’ என்ற சொல்லை அடித்திருந்தால் நீங்கள் இப்போது வேறு ஏதாவது படித்துக்கொண்டிருப்பீர்கள்.]

2.

மனு போனபின் நடந்ததை எப்படித் தொடங்குவது?

‘அன்று காலை இளவெயில் மெல்ல…’ வேண்டாம். வெயிலுக்கு இதில் வேலையே இல்லை.

‘வரி என்பது மனித நாகரிகத்தின்…’ இதை நானே படிக்க மாட்டேன்.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். இது போதும்.

காற்றடித்து நிறுத்தியிருந்த கோட்டைக்கு முன்னால் பெரிய அதிகாரி மனுவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “வேரூன்றின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மண்ணோட ஒட்டி நின்னா அது கட்டடம்தானே? கூரை இருக்கு, வாசல் இருக்கு, முளை அடிச்சுக் கட்டியும் இருக்கு.”

உடன் வந்த சின்ன அதிகாரி இளம்பெண். “முளையில கட்டினதெல்லாம் கட்டடம்னா ஆடு மாடும் கட்டடம்தான் சார்” என்றார்.

பெரியவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, அளந்து பார்ப்பதாகச் சொல்லி உள்ளே போனார்.

[அளந்தாரா? மனுவென்றால் ‘அளந்தார்’ என்றுதான் எழுத வேண்டும். கதையில் உண்மையைச் சொல்லலாம்: குதித்தார். முதலில் தயங்கி, பிறகு தயங்காமல்.]

“நல்லா உறுதியாத்தான் இருக்கு” என்று மூச்சு வாங்க உள்ளிருந்து குரல் கொடுத்தார். “எனக்கென்னவோ கட்டடம்னுதான் படுது.”

கோட்டைக்காரியின் முகம் மாறியது. “ஐயா, ஒண்ணு கேக்கறேன். வீட்ட யாராவது ஸ்விட்ச் போட்டு நிறுத்த முடியுமா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் காற்றடிக்கும் மோட்டாரை அணைத்தார்.

கோட்டை பெருமூச்சு விட்டது. சம்பந்தி வீட்டார் வணக்கம் சொல்வதுபோல் கோபுரங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. கூரை உட்கார்ந்தது. அதிகாரி இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டும் அங்குமிங்கும் நகர்ந்தது.

“இது கட்டடம் இல்ல” என்றது மேடு.

“சத்தமாச் சொல்லுங்க சார், எழுதிக்கறேன்” என்றார் சின்ன அதிகாரி.

“கட்டடம் மேல விழுந்திருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டிருப்பேனா? பொருள்தான். எழுதிக்கோ. மொதல்ல என்ன வெளிய எடுங்க.”

ஓரமாக நின்றிருந்த மாப்பிள்ளை பாய்ந்தார். நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை எடுத்துப் பழகிய மனிதர். “பதறாதீங்க சார், மூச்ச மெதுவா விடுங்க, ஆளு வந்தாச்சு. எந்த மாடி?” என்றார். பழக்கதோஷம். இழுத்த வேகத்தில் அதிகாரி வெளியே வந்தார். கூடவே ஒரு கோபுரமும் கிழிந்து வந்தது.

3.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தேதான் கோட்டைக்காரி அணைத்தாரா? கேட்டேன். “அட, மறந்தே போச்சுங்க” என்றார். சொல்லும்போது துணி மடிப்பதில் அவருக்கு ஏக மும்முரம். நான் நம்பவில்லை. நம்பினால் கதைக்கு நஷ்டம்.

தீர்ப்பு எழுத்தில் வந்தது. கோட்டை பொருளே. ஆனால் மனுவில் சொன்ன நிலையிலேயே விற்றால்தான் இந்தத் தீர்ப்பு செல்லும். மனுவில் நான்கு கோபுரம். இருப்பதோ மூன்று.

“மூணே போதும் அண்ணி” என்றார் மாப்பிள்ளை.

“போதாது மாப்பிள்ளை. தச்சு நாலாக்கித்தான் குடுப்பேன்.”

தைத்தார், ஒட்டினார். அது காய்வதற்குள் இன்னொரு இடத்தில் ஓட்டை கண்டுபிடித்தார். பிறகு யார் கண்ணுக்கும் தெரியாத ஓட்டைகளையும் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். ஒருநாள் தங்கை வந்து, விரித்திருந்த கோட்டைத் துணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, விக்க மனசில்லன்னா சொல்லிடு. அவர் வேலைய விட்டுட்டு நிக்கறார். என்னத்துக்கு இந்த இழுபறி?”

கோட்டைக்காரி ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். “எவ்வளவு வரின்னு கேட்டேன், சொல்லிட்டாங்க. வித்த மறுநாள் காலையில எந்திரிச்சு நான் என்ன செய்யறதுன்னு எந்த ஆபீஸ்ல கேக்கறது, சொல்லு.”

வாசலில் நின்ற மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

“அண்ணி, மோட்டார், முளை, வயரு எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா நேரம் முடிஞ்சு எறங்கச் சொன்னா பிள்ளைங்க அழுமே, அப்ப என்ன சொல்றது? அத நினைச்சா எனக்குத் தூக்கமே வரல.”

“இத ஏன் இத்தன நாளா சொல்லல?”

“நீங்க விக்க மாட்டேன்னுடுவீங்களோன்னுதான்.”

4.

மூவரும் சிரித்ததாக எழுதி, அடித்துவிட்டேன். சிரித்தது தங்கை மட்டும்தான்.

ஒரு முடிவு: கோட்டைக்காரி விற்கிறார், அழும் குழந்தைகளை இறக்குவதற்கென்று கூடவே போகிறார். இது எனக்குப் பிடிக்கும். ஆனால் விற்ற பொருளோடு விற்றவரும் போனால் அதற்குத் தனி வரி உண்டா? இன்னொரு மனு போட வேண்டும்.

இன்னொரு முடிவு: விற்கவில்லை. மாப்பிள்ளை லிஃப்டுக்கே திரும்பி…

இதை முடிக்க என்னால் ஆகவில்லை.

நீங்கள் ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். அவசரமில்லை. கையெழுத்தாகாத பத்திரம் இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது. மாப்பிள்ளை இப்போது துணிமேல் ஏறி உட்கார்ந்து, “எறங்க மாட்டேன்” என்று பிள்ளைகள்போலப் பொய்யாக அழுது காட்டுகிறார். கோட்டைக்காரி இடுப்பில் கைவைத்து அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“அப்படி இல்ல மாப்பிள்ளை,” என்கிறார், “இன்னும் கொஞ்சம் சத்தமா.”