மஞ்சள் பூசாத முகம்

காமுவின் முகம் எரிய ஆரம்பித்தது ஆடி மாதத்தில். பஸ்ராவிலிருந்து அவள் கணவனின் கடிதம் நின்றுபோனதும் ஏறக்குறைய அப்போதுதான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் புருஷன் சண்டை நடக்கிற சீமையில் இருக்கும்போது ஒருத்திக்கு மஞ்சள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதை வெறும் சொறி என்று பார்க்க நம்மவர்களுக்கு மனசு வராது.

கணவன் அனந்தகிருஷ்ணன் கல்கத்தாவில், கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. ஜெர்மன் சண்டைக்காகப் பஸ்ராவில் ரயில் போடுகிறார்கள், கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று கேட்டபோது, அதே ஆபீஸில் இருந்த அண்ணாவிடம்கூடச் சொல்லாமல் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். அவன் கப்பல் ஏறியதிலிருந்து காமு பவானிபூர் மாடி வீட்டில் மைத்துனர் மஹாதேவனோடும் ஓர்ப்படி நாகலக்ஷ்மியோடும் காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளுவது என்றால் நிஜமாகவே தள்ளுவதுதான். விடிந்தால் குழாயடி, அடுப்பு, பாத்திரம். தபால்காரன் தெருமுனை தாண்டும்வரை காது வாசலில். அவன் நிற்காமல் போனதும், உடம்பில் மிச்சமிருந்த தெம்பும் அவனோடு போய்விடும்.

இதற்கு நடுவில் முகம் வேறு. குளிக்கும்போது மஞ்சள் தேய்த்த மாத்திரத்தில் கன்னம் இரண்டும் காந்தும். மத்தியானத்துக்குள் சிவந்து தடித்துப்போகும். மறுநாள் அதே புண்ணின்மேல் மறுபடியும் மஞ்சள். தேய்க்காமல் இருக்க முடியுமா? சுமங்கலி.

"மஞ்சள் எரியுமாடி?" என்றாள் நாகலக்ஷ்மி. "லோகத்துல எந்தப் பொம்மனாட்டியாவது இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கியா? கவலைப்பட்டுப் பட்டு உடம்புல சூடு ஏறிக் கிடக்கு, அவ்வளவுதான்."

நாகலக்ஷ்மி பொல்லாதவள் இல்லை. வாய் மட்டும் முன்னால் ஓடும், மனசு பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். அவளே பயத்தம் மாவில் பூலாங்கிழங்கைச் சேர்த்து இடித்துக் கொடுத்தாள். சூட்டுக்கு நல்லது என்று சந்தனம் அரைத்துத் தடவினாள். மெட்ராஸ் மெயிலில் வந்த யாரிடமோ சொல்லிக் கஸ்தூரி மஞ்சள் வரவழைத்தாள். எல்லாவற்றையும் வழக்கமான மஞ்சளுக்கு மேலேயே பூசச் சொன்னதுதான் கோளாறு. மஹாதேவன் தம்பி பெண்டாட்டி படும் பாட்டைப் பார்த்து, ஒரு நாள் சௌரங்கிக் கடையிலிருந்து சீமை க்ரீம் ஒரு கண்ணாடிப் புட்டியில் வாங்கி வந்தார். நாகலக்ஷ்மி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"ஏன்னா, இது எந்த மிருகத்தோட கொழுப்போ? இதைப் பூசிண்டு சுவாமி விளக்கேத்தறதா?" என்றாள்.

புட்டி ஜன்னல் மேட்டில் உட்கார்ந்து தூசி படிந்தது. காமு எதற்கும் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொடுத்ததைப் பூசிக்கொள்வதும் எரிந்ததும் அலம்புவதுமாக இருந்தாள். சலித்துப்போன மனசுக்குத் தேர்ந்தெடுப்பது என்பதே ஒரு பெரிய வேலை.

கீழ்வீட்டு நிஸ்தாரிணிதான் ஒரு நாள் குழாயடியில் அவள் மோவாயைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். காமு அவளை வங்காளிகள் வழக்கப்படி திதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். திதி பேசும் வங்காளத்தில் பாதி புரியும், மீதியைக் கையும் கண்ணும் சொல்லிவிடும். காமுவின் கையிலிருந்த மஞ்சள் கிழங்கை வாங்கி ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டாள் திதி. தேய்க்கக்கூட இல்லை. மேலே பளபளவென்றிருந்த மஞ்சள் அப்படியே கரைந்து தண்ணீரில் இறங்கியது. உள்ளே இருந்த கிழங்கு வெளிறிப்போய்ச் சப்பென்று கிடந்தது.

"ரங்" என்றாள் திதி. சாயம். பார்வைக்கு எடுப்பாக இருக்கவேண்டும் என்று கடைக்காரன் ஏற்றிய சாயம். மஹாதேவன் படா பஜாரில் பொறுக்கி எடுத்து, இதுதான் உசத்தி என்று மூட்டையாக வாங்கிப்போட்ட மஞ்சள் அது.

திதிக்குத் தெரிந்த நாட்டு வைத்தியர், கவிராஜ் ஒருவர், தெருக்கோடியில் இருந்தார். அவர் பார்த்துவிட்டு, தோல் புண்ணாகிவிட்டது, இனி நல்ல மஞ்சளும் ஆகாது, ஆறும்வரை முகத்தில் மஞ்சளே படக்கூடாது என்றார். சிவப்பு மசூர்ப் பருப்பை ஊறவைத்து அரைத்துப் பாலாடையில் குழைத்துப் போடச் சொன்னார். காமு தயங்கி நின்றதைப் பார்த்துத் திதிக்குக் காரணம் புரிந்துவிட்டது. எங்கள் வீடுகளில் கைம்பெண்கள் மசூர்ப் பருப்பைத் தொடக்கூடாது, அது புருஷன் உள்ளவர்களுக்குத்தான்; அதை நீ முகத்தில் போட்டுக்கொண்டால் யார் உன்னை என்ன சொல்லமுடியும் என்றாள்.

காமுவுக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது. மாடிக்கு வந்து சொன்னாள்.

"மீனுக்கு அரைக்கற அம்மியில அரைச்ச பருப்பா?" என்றாள் நாகலக்ஷ்மி. "அது கிடக்கட்டும். கடுதாசி வராத வேளையில மஞ்சளை நிறுத்தறேங்கறியே, உனக்கு வாய் எப்படிடி வந்தது?"

காமுவுக்கு உள்ளே இருந்த பயமும் அதுவேதான். எங்கோ மணலில் அவன் சௌக்கியமாக இருந்து, இங்கே இவள் முகத்திலிருந்து மஞ்சளை எடுத்து, அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால்? அசட்டுத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? பயம் புத்தியைக் கேட்டுக்கொண்டா வருகிறது? இருந்தாலும், வலி பொறுக்காத ஒரு காலையில் மஞ்சளைக் காலில் மட்டும் பூசிக்கொண்டு முகத்தை வெறும் தண்ணீரில் அலம்பினாள். மசூர்ப் பருப்புக்கு மன்னி இடம் கொடுக்கவில்லை. மஞ்சளுக்கு முகம் இடம் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தப் புண் ஆறவும் இல்லை, முற்றவும் இல்லை.

நவராத்திரி வந்தது. தெருவெல்லாம் துர்கா பூஜையின் டாக்கு மேளக் கொட்டு. காளிகட் பக்கம் நம்மவர்கள் வீடுகளில் கொலு. ராகவேந்திரன் வீட்டுக்கு நாகலக்ஷ்மி அவளையும் இழுத்துக்கொண்டு போனாள். ராகவேந்திரனும் அதே ரயில்வே ஆபீஸ். அவர் மனைவி ராஜலக்ஷ்மி பாடச் சொன்னாள், சுண்டல் கொடுத்தாள், கிளம்பும்போது குழைத்த மஞ்சள் கிண்ணத்தை நீட்டினாள். வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுக் கன்னத்தில் பூசிக்கொண்டார்கள். நாகலக்ஷ்மி வாசலில் செருப்பில்லாத காலோடு வண்டிக்காரனை அதட்டிக்கொண்டிருந்தாள்.

கிண்ணம் காமுவிடம் வந்தது. நல்ல மஞ்சளோ சாயமோ, அவளுக்குக் கன்னம் நினைப்பிலேயே காந்திற்று.

"வேண்டாம் மாமி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். முகத்தில் புண், கவிராஜ் கூடாது என்றார் என்று இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் கேட்டாலும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. ராஜலக்ஷ்மி கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. வெற்றிலை பாக்கு கொடுக்கும்போது அவள் காமுவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை; ஏதோ அவசரம் என்று காமு நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம், ஆபீஸ் விடும் நேரத்துக்கு எவ்வளவோ முன்னால், மஹாதேவன் வீட்டுக்கு வந்தார். மாடி ஏறவில்லை. குழாயடியில் கோட்டும் பஞ்சகச்சமுமாக உட்கார்ந்து, வாளித் தண்ணீரை எடுத்துத் தலையில் கொட்டிக்கொண்டார். மேலேயிருந்து பார்த்த நாகலக்ஷ்மி "ஐயோ" என்றாள். கட்டின துணியோடு ஒருவர் நடுப்பகலில் தலைமுழுகினால் அது எதற்கு என்று கேட்கவேண்டியதில்லை.

காமு அடுக்களை வாசலில் நின்றாள். அழுகை வரவில்லை. சரி, இனி காத்திருக்கவேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பைக் கண்டு அவளுக்கே உடம்பு பதறிற்று.

"தந்தியா?" என்று கேட்டாள் நாகலக்ஷ்மி, ஈரத்தோடு மேலே வந்தவரிடம்.

"நான் பார்க்கலை."

"பார்க்கலையா?"

"ராகவேந்திரன் வந்து ரெண்டு கையையும் பிடிச்சுண்டு கண் கலங்கிட்டான். நவராத்திரி முடியற வரைக்கும் மனசுலயே வெச்சுண்டு இருக்கேளே, உங்களுக்கு எப்படி முடியறதுன்னான். அதுக்குள்ள இன்னும் ரெண்டு பேர் வந்துட்டா. ஆபீஸுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியலை போலிருக்கு. துரை ரூமுக்குப் போய்க் கேட்கலாம்னு கதவு வரைக்கும் போனேன். நாக்கு எழும்பலை."

"ராகவேந்திரனுக்கு யார் சொன்னாளாம்?"

"அவன் ஆத்துக்காரி நேத்தே சொல்லிட்டாளாம்."

காமு மைத்துனருக்கு எதிரில் நின்று பேசியதே கிடையாது. ஏதாவது சொல்லவேண்டுமானால் கதவுக்குப் பின்னாலிருந்து மன்னி மூலம்தான். இப்போது நேரே முன்னால் வந்து நின்றாள்.

"தந்தி எதுவும் வரலை" என்றாள். "நேத்து அந்த மாமி மஞ்சள் கொடுத்தா. நான் வேண்டாம்னேன். விஷயம் தெரிஞ்சுண்டே பண்டிகைக்காக மறைச்சு வெச்சிருக்கோம்னு நினைச்சுண்டுட்டா. ஆபீஸ்ல ஒண்ணும் இல்லை. எல்லாம் என் மூஞ்சியிலேர்ந்து கிளம்பின பேச்சு."

மஹாதேவன் அவளைப் பார்த்தார். பிறகு இருந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வேட்டித் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தம்பி செத்தான் என்று வந்தபோது அழாத மனுஷன், இல்லை என்றதும் அழுதார்.

காமு அங்கே நிற்கவில்லை. குளிக்கும் அறைக்குப் போய் உரசும் கல்லை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூட்டை மஞ்சளில் ஒன்றை எடுத்து அழுத்தி அழுத்தி உரைத்தாள். இரண்டு கையாலும் வழித்து நெற்றி, கன்னம், மோவாய் என்று ஓர் இடம் விடாமல் அப்பிக்கொண்டாள். புண்ணில் பட்ட இடமெல்லாம் நெருப்பாகப் பிடித்தது. பிடிக்கட்டும். இந்த முகத்தோடு நேரே காளிகட்டுக்கு நடந்து, ஒவ்வொரு கொலுவிலும் உட்கார்ந்து எழுந்துவிட்டு வரவேண்டும். தான் ஒரு வார்த்தையில் கொன்றவனைத் தானே திருப்பி எழுப்பவேண்டும்.

எழுந்து திரும்பினால் வழியை மறித்துக்கொண்டு நாகலக்ஷ்மி.

"எரியறதோன்னோ?" என்றாள்.

"ஆமாம் மன்னி."

நாகலக்ஷ்மி செம்பில் தண்ணீர் மொண்டாள். காமுவின் பிடரியைப் பிடித்துக் குனியவைத்து, குழந்தைக்கு அலம்புவதுபோல முகத்தை அலம்பிவிட்டாள். சாயத் தண்ணீர் மஞ்சளாக ஓடிக் கால்வாயில் இறங்கியது. தெளியும்வரை அலம்பினாள். புடவைத் தலைப்பால் ஒத்தி எடுத்தாள்.

"ராஜலக்ஷ்மி ஆத்துக்கு நான் போறேன். போய்க் கேட்கற விதத்துல கேட்டுட்டு வரேன். நீ வரவேண்டாம்" என்றாள். "அனந்து வந்து ஹௌராவுல இறங்கினா முதல்ல இந்த மூஞ்சியைத்தானே தேடுவான்? இதைப் புண்ணாக்கி வெச்சுண்டு நான் அவனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

பிறகு கீழே இறங்கிப் போனாள். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து கீழ்வீட்டு வாசல்படியை அவள் மிதித்ததில்லை. திரும்பி வரும்போது கையில் ஊறிய மசூர்ப் பருப்பு. தன் அம்மியைக் கழுவி அதிலேயே அரைத்தாள். பாலாடையைத் தானே எடுத்துக் குழைத்தாள். காமுவை ஜன்னலோரம் உட்காரவைத்து விரல் நுனியால் பூசினாள். மஞ்சள் போட்டால் எரிகிற இடமெல்லாம் குளுகுளுவென்று அடங்கிற்று. எத்தனையோ நாளாக முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று காமுவுக்கு உள்ளே விட்டுப்போயிற்று. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து பூச்சில் கோடு போட்டது.

"அழாதேடி" என்று அதட்டினாள் நாகலக்ஷ்மி, கரைந்த இடத்தில் மறுபடியும் தடவியபடி. "காயட்டும்."