ஓடைக்கரைப் புற்று

இடி இடித்த மறுநாள் வெயில் ஏறுவதற்குள் காட்டுக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் புற்றுக்காளானில் புழு வைத்துவிடும். தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில் ராமாமணிக்கு முழங்கால் வலி உயிரை எடுத்தது. ஆனாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு தடாகம் ஊருக்கு மேலே இருக்கும் காட்டுக்கு ஏறிவிட்டாள். காளானுக்காகவா ஏறினாள்? ஒற்றை ஆளுக்கு ஒரு காளான் போதாதா!

ஓடைக்கரைப் புற்று இருக்கும் இடம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி இவள், இன்னொருத்தி இவளுடைய மூத்த ஓரகத்தி ரங்கநாயகி. கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சும் முறையில் பேச்சு முற்றி இரண்டு வீடானவர்கள். புருஷன்மார் இருவரும் போய்ச் சேர்ந்தும் வீம்பு மட்டும் போகவில்லை. ஒருத்தி தெருவில் ஒருத்தி கால் வைப்பதில்லை. ஆனால் காளானில் மட்டும் ஒரு நேர்மை இருந்தது. முதலில் வருகிறவள் பாதியைப் பிடுங்கிக்கொண்டு, மீதியை ஆவாரந்தழையால் மூடிவிட்டுப் போவாள். எப்போதும் முந்துகிறவள் ரங்கநாயகிதான். அந்தத் தழையைப் பார்த்தால்தான் இவளுக்கு மனசு ஆறும்.

இந்த வருஷம் தழை இல்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்த காளான்கள் ஒன்றுகூடக் கைபடாமல் நின்றன. ரங்கநாயகி அக்காளுக்கு என்னவோ ஆகிவிட்டது. வீம்பு எக்கேடும் கெடட்டும், இன்றைக்குப் பேசிவிடுவது என்று ராமாமணி அத்தனையையும் பிடுங்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனாள்.

கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, உங்களுக்குத் தெரியாதுங்களா? ஊட்டை வித்துப்போட்டு ஓசூர்ல மக ஊட்டுக்கே போயிட்டாங்க. புரட்டாசியிலயேங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, பூவாத்தா."

"சொல்லத்தானுங்க வந்தாங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் கார்ல கூட வந்தேன். உங்க ஊட்டு முன்னால நிறுத்தச் சொல்லி, எறங்கி நெம்ப நேரம் நின்னாங்க. கதவு சாத்தியிருந்துச்சு. நீங்க தோட்டத்துக்குப் போயிட்டீங்களாட்ட இருக்குதுன்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டு ஏறிட்டாங்க."

தோட்டத்துக்கு எங்கே போனாள்! அன்றைக்கு ராமாமணி கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். சன்னல் இடுக்கில் பார்த்தாள். அக்காளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கார் நிற்பதைப் பார்த்து ஏதோ விசேஷத்துக்குப் போகிறாள் என்று நினைத்தாள். அவளே முதலில் கூப்பிடட்டும், ஒரு சத்தம் கேட்டால் திறந்துவிடலாம் என்று தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கார் கிளம்பிப் போன பிறகுதான் கையை எடுத்தாள்.

பூவாத்தாள் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா பூவாத்தா," என்றாள் ராமாமணி. "தோட்டத்துலதான் இருந்தேன்."